துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்: எண்ணூர், காட்டுப்பள்ளியை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டிக் கரையோரமாக வடக்கே போனால் அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்கள். முதலில் வருவது காமராஜர் துறைமுகம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காக 2001இல் தொடங்கியது. 2014 வரை எண்ணூர் துறைமுகம் என்றுதான் பெயர். அதை ஒட்டியே காட்டுப்பள்ளித் துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது, இப்போது அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. இவற்றுக்குத் தெற்கே தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். வடக்கே காளஞ்சி, கருங்காலி, அப்புறம் பழவேற்காடு. இந்தப் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

துறைமுகம் கப்பலைப் பார்க்கட்டும், ஊர் வலையைப் பார்க்கட்டும். இரண்டும் எதற்குப் பேசிக்கொள்ள வேண்டும்?

கடற்கரையில் ஒரு இடத்தில் கல்லைக் கொட்டினால் அதன் பலன் இன்னொரு இடத்தில் தெரியும். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே அலைதடுப்புச் சுவரை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபிறகு மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் வீட்டு வாசலுக்கு வந்ததும் இந்தக் கணக்கில்தான். சுவர் துறைமுகத்தின் இடத்தில்தான் நிற்கிறது. கரை போவது ஊருக்கு.

தூசியும் அப்படித்தான். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாண்டதால் சுற்றுவட்டாரமே கருத்துப்போகிறது என்று வழக்கு நடந்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சரக்குகளை அங்கே நிறுத்தச் சொன்னது. நிலக்கரி எண்ணூருக்கு வந்தது. ராயபுரத்துக்காரர்கள் கேட்டது நியாயம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ஒரு ஊரின் மனுவுக்குக் கிடைத்த தீர்வு அடுத்த ஊரின் சரக்காக வந்து இறங்கியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஊரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய துறைமுகத் திட்டத்துக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை உள்ளாட்சி அலுவலகம், ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்க அறிக்கை தமிழிலும் இருந்தாக வேண்டும்.

செய்தித்தாள் போகாத ஊரில் தண்டோரா போட்டுச் சொல்லலாம் என்றுகூட அந்த அறிவிக்கையில் இருக்கிறது. (தமிழ்நாட்டில் 2022இல் தண்டோராவையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதுதான் இப்போது முறை.)

அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தால் புரியுமா?

சில நேரம் புரியும். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) வாசலில் மேசை போட்டு ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் "மூன்று புதிய படுக்கைகள் அமைக்கப்படும்" என்று ஒரு வரி. கப்பல் வந்து நிற்கும் மேடைக்கு ஆங்கிலத்தில் பெர்த் என்பார்கள். ரயில் பெட்டியில் இருப்பதும் பெர்த்தானே, யாரோ அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மைக்கில் எழுந்து, "ஐயா, ஆஸ்பத்திரி கட்டறீங்களா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. மேடையில் இருந்தவர்களுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அவர்கள் அந்தக் கையேட்டைப் பிரித்தே பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஊரில் கல்லூரி படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், ஆங்கில அறிக்கையில் உங்கள் ஊர்ப் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். பெயரே வரவில்லை என்றால் அதுவே கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஊரே எதிர்த்தால் திட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. அது வாக்கெடுப்பு இல்லை. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வர வேண்டும் என்றுகூட விதி கிடையாது. நாலு பேர் வந்தாலும் நடத்திவிடலாம். அதனால் "புறக்கணிக்கிறோம்" என்று எல்லோரும் வெளியே நின்றால் கூட்டம் தானாக ரத்தாகிவிடாது. உள்ளே பேசியதும் எழுதிக் கொடுத்ததும்தான் பதிவாகும்.

ஆனாலும் அந்தக் கூட்டத்துக்குக் கனம் உண்டு. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தையே பாருங்கள். 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கராக்கும் திட்டம் அது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலில் மண் கொட்டி உருவாக்க வேண்டிய நிலம். 2021 ஜனவரி 22ஆம் தேதிக்கு வைத்த கூட்டம் எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்கு மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. பந்தலுக்குள் யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே பழவேற்காடு முதல் எண்ணூர் வரை எல்லாக் குப்பங்களும் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டன.

கூட்டத்தில் என்ன பேசினால் எடுபடும்?

"எங்கள் வாழ்வாதாரம் போய்விடும்" என்பது உண்மைதான். ஆனால் அறிக்கை எழுதுபவர் அதை ஒரே வரியில் "வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தனர்" என்று முடித்துவிடுவார். அதற்கு நிறுவனத்தின் பதிலும் ஒரே வரியில் வரும்: "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

அப்படி முடிக்க முடியாத மாதிரிப் பேச வேண்டும். பாடு முறையைப் பற்றிச் சொல்லுங்கள். பாடு என்றால் பழவேற்காடு ஏரிப் பக்கம் தலைக்கட்டு (குடும்பம்) கணக்கில் முறை வைத்து வலை விடும் ஏற்பாடு. எந்த ஊருக்கு எந்த இடம், எந்த நாள் யார் முறை என்பதெல்லாம் ஊருக்குள் தெரிந்தது. அறிக்கை எழுத வந்த நிறுவனத்துக்குத் தெரியாது. "நீங்கள் மண் கொட்டப்போகிற இடம் இன்ன ஊரின் பாடு, அங்கே இத்தனை தலைக்கட்டு, இன்ன மாதத்தில் இறால் ஏறும்" என்று சொன்னால், அதற்கு நிறுவனம் பதில் எழுதியே தீர வேண்டும். சொன்னதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் வர முடியாதவர்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம்.

இன்னொன்று. கூட்டம் முடியும்போது நடந்ததன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்க வேண்டும், ஒப்புக்கொண்ட பதிவில் அன்றைக்கே தலைவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். வாசிக்கும்போது இருப்பவர்கள் நிறுவனத்து ஆட்களும் போலீஸும்தான். ஊர் சார்பில் ஐந்து பேராவது கடைசிவரை உட்கார்ந்திருங்கள்.

ஊர் சார்பில் யார் பேசுவது? ஊர் நிர்வாகிகள் போதாதா?

துறைமுக அதிகாரிகளுக்கு அதுதான் வசதி. நாலு நிர்வாகிகளை அழைத்துப் பேசினால் "ஊரோடு பேசிவிட்டோம்" என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம். நிர்வாகிகளைக் குறை சொல்லவில்லை. முன்னால் நின்று அடி வாங்குவதும் அவர்கள்தான். ஆனால் அந்த நாலு பேரும் பெரும்பாலும் படகு வைத்திருக்கும் ஆண்கள்.

கழிமுகத்தில் படகில்லாமல் பிழைப்பவர்கள் நிறையப் பேர். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியை (கூடையை) பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். மட்டி எடுப்பவர்கள், கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கடலில் எது நடந்தாலும் நிவாரணக் கணக்கு படகிலிருந்து தொடங்குவதால் இவர்கள் பெயர் பட்டியலின் அடியில் போய்விடுகிறது, சில சமயம் இல்லாமலே போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தபோது அரசு அறிவித்தது 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். படகு சேதத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. பறிக்கு ஏது?

ஆகவே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன்பே யார் யார் என்று ஊருக்குள் தீர்மானித்துக்கொண்டு போங்கள். தொழில்வாரியாக ஒருவர் இருக்கட்டும். பெண்கள் இல்லாமல் போகாதீர்கள்.

"காக்கா ஆழி" விஷயத்தில் துறைமுகத்துக்கு என்ன சம்பந்தம்?

சரக்கில்லாமல் வரும் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். இங்கே சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியே விடும். அதில் எங்கோ ஒரு கடலின் குஞ்சும் முட்டையும் சேர்ந்தே வரும். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எண்ணூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. கழிமுகத்தின் அடியில் பாய் விரித்த மாதிரி ஒட்டிப் படர்ந்து மஞ்சள் மட்டியை மூடிவிட்டது. இறாலுக்குச் சேறு வேண்டும். சேற்றுக்கு மேல் ஓட்டுக் கூட்டம். தடவிப் பிடிப்பவர்களுக்கோ கையை வைத்தால் கிழிக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டவர்கள் மீனவர்கள். பெயர் சூட்டி, பாட்டிலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டி, கடைசியில் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. துறைமுகமும் ஊரும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் வழக்கம் இருந்திருந்தால் ஒரு சிப்பியை மேசைமேல் வைத்து "இது என்ன?" என்று கேட்பதோடு ஆரம்பித்திருக்கலாம். நாலு சதுர அடியில் இருக்கும்போது சுரண்டி எடுப்பதும், ஆறு முழுக்கப் படர்ந்தபிறகு எடுப்பதும் ஒரே செலவா?

துறைமுகம் பள்ளிக்குக் கட்டடம், மருத்துவ முகாம், தையல் மிஷின் எல்லாம் கொடுக்கிறதே?

கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அது தயவும் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். சி.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேறொரு சட்டப்படி கட்டாயமாகச் செய்ய வேண்டியதை இந்தக் கணக்கில் எழுதக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. சுற்றுச்சூழல் அனுமதியில் "தூசி பறக்காமல் தண்ணீர் தெளி, மரம் நடு" என்று நிபந்தனை இருந்தால் அதைச் செய்துவிட்டுப் படத்தோடு நன்கொடையாகக் காட்டக் கூடாது. கரை அரிப்பைப் பற்றிக் கேட்கப் போன ஊருக்குக் கோயில் திருவிழாப் பந்தல் செலவு கிடைத்தால், பந்தலுக்கு நன்றி சொல்லிவிட்டு அரிப்பைப் பற்றி மறுபடி கேளுங்கள்.

வேலை தருகிறோம் என்று சொன்னால்?

நிரந்தரமா, ஒப்பந்தமா? சம்பளம் யார் தருகிறார், துறைமுகமா ஒப்பந்ததாரரா? துறைமுகம் கைமாறினால் புதியவரைக் கட்டுப்படுத்துமா? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் நிலத்தையோ கரையையோ விடாதீர்கள். காட்டுப்பள்ளிக் குப்பமே இடம்பெயர்ந்த ஊர். அங்கிருந்து வேலைக்குப் போனவர்கள் நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியது எல்லோருக்கும் தெரியும். வாக்குக் கொடுத்த நிறுவனம் ஒன்று, இன்றைக்கு நடத்தும் நிறுவனம் ஒன்று என்றால் யார் சட்டையைப் பிடிப்பது?

துறைமுக வாய்க்காலில் வலை விடலாமா?

கூடாது. கப்பல் வரும் பாதையும் பாதுகாப்பு எல்லையும் தடை செய்யப்பட்டவை. ஆனால் எல்லைக்கு வெளியே விட்ட வலையைக் கப்பலோ இழுவைப் படகோ அறுத்துக்கொண்டு போனால், ஜி.பி.எஸ். புள்ளி, நேரம், வலையின் படம் மூன்றையும் அன்றைக்கே கடலோரக் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் கொடுங்கள். மறுநாள் போனால் "எங்கே, எப்போது?" என்பதிலேயே நின்றுவிடும்.

விபத்து நடந்தால் துறைமுகம் ஊருக்குச் சொல்லுமா?

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொன்னது. அப்புறம் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியது. அதை அள்ள வாளிதான் கிடைத்தது. மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றினார்கள். கடலாமைகள் கருப்பாகச் செத்து ஒதுங்கின. என்னைக் கேட்டால், எண்ணெயைவிட அந்த முதல் அறிவிப்புதான் அதிக நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு துறைமுகம் எதைச் சொன்னாலும் இங்கே யாரும் எடுத்தவுடன் நம்புவதில்லை.

2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது ஒரு உர ஆலையின் கடலடிக் குழாயில், துறைமுகத்தில் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். நெடி தாங்காமல் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அதற்கு முன் அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? அபாயகரமான வேதிப்பொருள்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. பெரும் விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆலைக்கு வெளியே உள்ள அவசரத் திட்டத்துக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, எங்கள் தெரு அதில் இருந்ததா என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்.

வேறு நாட்டில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்களா?

தானாகச் செய்ததில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தைப் பெரிய முன்மாதிரி என்பார்கள். அங்கேயும் 2001இல் ஒரு கண்டெய்னர் முனையத்தை எதிர்த்து சான் பெட்ரோ வீட்டுக்காரர்களும் சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தியது. 2003இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதன் விளைவாகத்தான் கரையில் நிற்கும் கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தில் ஓடும் ஏற்பாடு அந்த முனையத்தில் வந்தது. 2006இல் பக்கத்து லாங் பீச் துறைமுகத்தோடு சேர்ந்து காற்றுத் தூய்மைத் திட்டம், 2008இல் பழைய டீசல் லாரிகளுக்குத் தடை. டீசல் புகைத்துகள் 2005இல் இருந்ததைவிட 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கணக்கைத் துறைமுகமே வெளியிடுகிறது.

இங்கே எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் எஞ்சின் ஓட நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கின் அருமை புரியும்.

அனுமதியில் போட்ட நிபந்தனைகளை மீறினால் நமக்கு எப்படித் தெரியும்?

அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்ததை நிறுவனம் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போவதானால் 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்குமேல் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம்.

அனுமதி பெற்றவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கேட்டால் "இணையத்தில் இருக்கிறது" என்பார்கள். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள். காட்டுப்பள்ளி மாதிரித் தனியார் துறைமுகத்துக்கு நேரடியாக எழுதினால் பதில் வராது. அந்தச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கும் எழுதினால் அவர்களிடம் இருக்கும் நகலைத் தந்தாக வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும், "மீனவர்களுடன் கலந்தாலோசனை நடத்தப்பட்டது" என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தேதியையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கு யார் போனது என்று ஊருக்குள் விசாரியுங்கள்.